வால்டர்–கோதண்டம் கரண்டு கச்சேரி

...அத்த ஏன் கேக்குறீங்க சார், அது சங்கீதமா அது? காலி குண்டான்ல வண்டு பூந்துகினா மாரி ஊஊங்னு ஒரு சத்தம். இதுக்குப் போயி அடையாறுலேர்ந்து ராயபுரம் வரைக்கும் பஸ் ஏறி வந்துகீறீங்களே! காலேஜு விழாவுக்கு வேற ஆளே கெடைக்கலியா? குந்துங்க. அய்ய, அந்த ஸ்டூலு ஆடும், இதுல குந்துங்க. வயரு... வயர மிதிச்சிடாதீங்க. எங்க வூட்டுல தரைய பாக்கணும்னாகூட வயர ஒதுக்கினுதான் பாக்கணும்.

எங்க வூட்டுக்காரு வால்டரு ஹார்பர்ல எலெக்ட்ரீஷியன் சார். கிரேன் ரிப்பேரு. நல்ல வேல. வந்தமா, துன்னமா, படுத்தமான்னு இருக்கலாமில்ல? ஒடைக்கிற கப்பல்லேர்ந்து ரேடியோ வால்வு, காயிலு, டயலுன்னு கெடைச்சத எல்லாம் இஸ்துகினு வந்து ஒரு பொட்டிக்குள்ள சொருகி... தோ, அதான். பீரோன்னு நெனச்சீங்களா? பொட்டி சார்! டயல திருப்புனா அழுவும். இன்னும் கொஞ்சம் திருப்புனா விசிலடிக்கும். மனுசன் அதும் முன்னாடி கண்ண மூடிகினு குந்தினு இருப்பாரு. கோயில்ல பூசைக்கு நிக்கும்போதுகூட அந்தக் கண்ணு அப்டி மூடாது!

அவுரு தோஸ்து கோதண்டண்ணன். மைக் செட்டு கடை. கல்யாணம், காது குத்துன்னு ஷோக்கா ஓடிகினு இருந்த கடை சார். எங்காளு கூட சேந்து அந்தாளும் கெட்டாரு. டேப் ரிகார்டர தூக்கினு போயி ஹார்பர் சத்தத்த புடிச்சாரு. கிரேன் கிறீச்சுங்குறது, சங்கிலி வுழுறது, கப்பலு ஊதுறது... அத்த மெதுவா ஓட உட்டு, பொட்டி சத்தத்தோட கலந்து, கச்சேரின்னாங்க. அந்த சத்தத்துலேர்ந்து தப்பிச்சாப் போதும்னுதான சார் எங்க ஜனம் சாயங்காலம் வூட்டுக்கே வருது!

மொத மேடை மாதா கோயில் திருநாளுக்கு. ஆரம்பிச்சாங்க... ஊஊங். ஜனம் பொறுமையா குந்தினு கீது. இன்னாத்துக்கு? மைக் செட்டு கெட்டுப்போச்சு, சரி பண்றாங்கன்னு! கொஞ்ச நேரம் பாத்துட்டு லூர்துன்னு ஒரு ரயில்வேகாரரு ஸ்க்ரூடிரைவரோட மேடை ஏறிட்டாரு. "நவுரு வால்டரு, எர்த்து லூஸு"ன்னு பொட்டியோட முதுக கயட்டிட்டாரு. சத்தம் நின்னுச்சு. அடேயப்பா, இன்னா கைதட்டலு! எல்லாம் லூர்துக்கு.

அப்பால கொருக்குப்பேட்டையில ஒரு கல்யாணம். பொட்டி விசிலடிச்சிச்சு பாருங்க, கூட்ஸ் யார்டு நாய்ங்க மொத்தமும் பந்தலுக்கு வந்துடுச்சு. வந்து, குந்தினு, மானத்த பாத்து கூடப் பாடுது. பிரியாணி வாசனைக்கிகூட திரும்பல சார்! பொண்ணு வூட்டுக்காரங்க அடிக்காத கொறைதான். எங்காளு இன்னா சொல்றாரு தெரியுமா? "பாத்தியா, கடைசி வரைக்கும் நின்னு கேட்டுச்சுங்க"ன்றாரு.

சிரிக்காதீங்க சார். கூட வாழறவளுக்குத்தான் தெரியும் பேஜாரு.

கண்ணுக்கும் எதுனா வோணும்னு கோதண்டண்ணன் வெள்ளத் துணி கட்டி படம் காட்டுற ஸ்லைடு மிஷின் ஒண்ணு எட்தாந்தாரு. இன்னா காட்றது? பூவு, கிளி, சிரிக்கிற பாப்பா... கலீஜா இருந்திச்சு. நாந்தான் ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல துணிக்குப் போடுற நீலத்த கரைச்சி ஊத்துனேன். கப்பலுக்கு அடிக்கிற செவப்பு பெயிண்ட்ட தேங்காண்ணெயில கொழப்பி ஒரு சொட்டு. அது ரெண்டும் சேராது சார். சூடு ஏற ஏற, ஒண்ண ஒண்ணு தள்ளிகினு நவுரும். கட்டவெரலால ஓரத்த லேசா அமுக்கணும். லேசா... சொம்மா, கொயந்த கன்னத்த தொடுறா மாரி.

திருவொத்தியூர்ல ஒரு கம்பெனி யூனியன் விழா. கோதண்டண்ணன் டேப்புல கம்பெனி சங்கு சத்தம் வெச்சிருக்காரு, எனக்குத் தெரியாது. அது ஊதுச்சு பாருங்க, பாதி ஜனம் டிபன் கேரியர தூக்கினு கேட்டாண்ட நடக்குது! ஷிப்டு மாறிடுச்சாம்! எங்காளு மூஞ்ச பாக்க முடில. சரி, போற வரைக்கும் போவட்டும்னு நான் கண்ணாடிய அமுக்குனேன். நீலம் ரெண்டா பிரிஞ்சி, உள்ளேர்ந்து செவப்பு ஏறுது. எண்ணூர்ல கடலு விடியுமில்ல... அப்டியே. போனவங்க நின்னாங்க. திரும்புனாங்க. கேரியர கையில வெச்சிகினே நிக்கிறாங்க சார், ஒருத்தர்கூட இருமல. கேன்டீன்ல வேல செய்ற புஷ்பவல்லின்னு ஒரு அம்மா என் முந்தானைய புடிச்சவங்க உடவே இல்ல.

சரி, அத்த உடுங்க.

முடிஞ்சதும் தலைவரு மைக்க புடிச்சாரு. "வால்டர்!" மாலை. "கோதண்டம்!" மாலை. படம் வுழுற துணிய கட்னவருக்குக்கூட ஒரு துண்டு போட்டாங்க. நான் முழங்கை வரைக்கும் செவப்பு எண்ணெயோட மிஷினுக்குப் பின்னாடி நிக்கிறேன். எங்காளு வாயத் தொறந்து, இவளும் செஞ்சான்னு ஒரு வார்த்த? மூச்! வூட்டுக்கு வந்து, மாலையில கருவாட்டு வாசன ஏறுது, தள்ளி மாட்டுன்றாரு!

அன்னியோட நான் போறதில்ல. வியாசர்பாடியில கோதண்டண்ணனே படம் போட்டாரு. துணி பூரா அவுரு கட்டவெரலுதான், யானை சைஸுக்கு. அத்தான் ஜனம் ஒரு மணி நேரம் பாத்திச்சு.

அதனாலதான் சொல்றேன், இவங்கள கூப்புடாதீங்க. மானம் போவும்... இன்னாது? மிமிக்ரிக்காரரு கீறாரா? அவரையே வெச்சிக்கிங்க சார். ஜனம் சிரிக்கும், நாய் வராது.

அய்ய, எழுந்துட்டீங்க? டீ துன்னாம... குடிக்காம போறீங்களே. சார், சொம்மா கேக்குறேன், உங்க மேடையில துணி எவ்ளோ பெருசு? ...செவரு பூராவா? மாடி ஒயரத்துக்கா?

அம்மாடி.

அதுல நீலம் பிரிஞ்சா எப்டி இருக்கும்... இல்ல சார், நான் இன்னா சொல்றேன்னா... எங்காளு வர நேரந்தான்... கொஞ்சம் குந்துங்களேன்... சார்? தெரு முனைக்குப் போயிட்டாரே மனுசன்! சார்! ஓ சார்! மிமிக்ரி வோணாம்! நான் சொன்னதெல்லாம் பாதிக்குப் பாதி தள்ளிக்கிங்க! அந்த ரெண்டு பேரு வந்தாலும் வராட்டியும் நான் வரேன் சார்!

இன்னா? கேக்கல, லாரி போவுது! பேரா? எம் பேரா?

ஐரீன்! ஐரீன் சார்! மைக்குல மொதல்ல சொல்லணும்!