அறைக்கு நாலு பேர்

உச்சிப் பொழுது. ஆனைக்குட்டம் தாண்டி நாரணாபுரத்துப் பக்கம் போகிற மண்பாதை... இரண்டு புறமும் சீமைக் கருவேலம். காற்று இல்லை. ஒரு காக்கை கூட இல்லை.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. அந்தச் சின்னவளை நடுவில் விடுங்கள், ஓரத்தில் இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. பேய் என்றால் ராத்திரிதான் என்று யார் சொன்னது? நம் பக்கத்தில் பட்டப்பகலில்தான். நிழல் காலடிக்குள் சுருண்டு கிடக்கிற நேரத்தில்தான்.

இது நம் ஜவுளிக்கடை சொர்ணலட்சுமி இருக்கிறாளே, அவள் அக்கா மகனுக்கு நடந்தது. பெயர் நவநீதகிருஷ்ணன். விருதுநகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம், பங்குனி மாதம். நாரணாபுரம் பக்கத்துப் பெண்கள் சங்கத்தார் சொந்தமாக ஒரு ரேடியோ நிலையம் தொடங்க இருந்தார்கள். சுற்று வட்டாரத்துக்கு மட்டும் கேட்கிற சின்ன ரேடியோ. எந்தப் பாட்டு, எந்தப் பேச்சு, எப்போது என்று தானாக வரிசையில் போட்டு ஒலிபரப்புகிற சாஃப்ட்வேர் ஒன்று வேண்டும் அதற்கு. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கத்தான் அவன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் அந்த வெயிலில் போனான். முதல் தடவை இல்லை. அந்த வாரம் முழுக்க அதே பாதை, அதே வேலை... சாஃப்ட்வேர் ஏறவில்லை.

நிலையம் இருந்தது மூடிப்போன ஒரு பட்டாசுக் கம்பெனிக்குள். பட்டாசுக் கம்பெனி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தள்ளித் தள்ளித் தனி அறைகள், ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் கதவு. தீப்பிடித்தால் எந்தப் பக்கமும் ஓடலாம். அறைக்கு நாலு பேர், அதற்கு மேல் ஒருவர் இருக்கக்கூடாது. வாசல் சுவரில் சிவப்பு மையில் எழுதியிருக்கும். பட்டாசுக் குழாயில் வெடிமருந்து செலுத்துகிற அறை ஒன்றைத்தான் ரேடியோவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். வெளியிலிருந்து சத்தம் வரக்கூடாது என்று மூன்று கதவை அடைத்து, சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, ஒரு கதவை மட்டும் விட்டிருந்தார்கள். அது பழைய அஸ்திவாரத்தின் மேல் புதிதாக எழுப்பிய அறை. பழைய அறை என்ன ஆயிற்று... ஒரு மத்தியானம், உள்ளே இருந்த நாலு பேரோடு போயிற்று. அதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை. நவநீதனுக்கு அதுவும் யாரும் சொல்லவில்லை.

அங்கே அவனோடு இருந்தவள் ரோஜா. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அம்மா சண்முகத்தாயுடன் வேறொரு கம்பெனியில் மருந்து செலுத்தப் போனவள். குரல் நன்றாக இருக்கிறது என்று சங்கத்தார் அவளை ரேடியோவில் பேசத் தேர்ந்தெடுத்தார்கள். வேலையை விட்டு வந்துவிட்டாள். ஆனால் சண்முகத்தாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "திங்கக்கிழமை ரேடியோவுக்கு அனுமதி குடுக்குற ஆபீசரு வந்து பாக்கும்போது உன் ரேடியோ பேசலைன்னா, மறுநாளே எங்கூட ரூமுக்கு வந்துரணும். உன் இடத்துல வேற ஆளு போடாதீகன்னு போர்மேன்ட்ட சொல்லி வச்சிருக்கேன்."

நவநீதன் போன அன்று ஞாயிற்றுக்கிழமை.

சிடியைப் போட்டான். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. மெதுவாக... மெதுவாக... முக்கால் தாண்டியதும் கரண்டு போனது. யூபிஎஸ் நாலு தடவை கத்திவிட்டு அதுவும் படுத்தது. கரண்டு வந்ததும் முதலிலிருந்து. இந்தத் தடவை சவுண்டு கார்டு தெரியவில்லை என்றது. அதைச் சரி செய்தால் வேறு ஏதோ ஒரு ஃபைல் இல்லை என்றது. அந்த ஃபைல் அங்கேயேதான் இருந்தது. பெங்களூருக்குப் போன் போட்டான். அந்த சாஃப்ட்வேர் கம்பெனி ஆள் கொட்டாவியோடு ஏதோ சொன்னான்.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் ரோஜா.

"மொத்தத்தையும் எடுத்துட்டு மறுபடி போடணுமாம்."

"நேத்தும் அதத்தானண்ணே சொன்னாரு. அவருக்கு வேற ஒண்ணும் தெரியாதா?"

"உனக்குத் தெரிஞ்சா நீ போடு."

அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பாயில் கிடந்த தாளை எடுத்து விசிறிக்கொண்டாள். மறுநாள் பேச வேண்டியதை எழுதி வைத்திருந்த தாள் அது. வியர்வையில் மை ஊறிப்போயிருந்தது.

மறுபடி ஏற்றினான். பச்சைக் கோடு கடைசி வரை போனது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். திரையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. நவநீதன் படித்தான்: அனுமதித்த நாலு பேரும் உள்ளே இருக்கிறார்கள், இன்னொருவர் நுழைய முடியாது. அந்த சாஃப்ட்வேரை ஒரே சமயத்தில் நாலு பேர்தான் திறக்கலாம்.

"நான் இன்னும் ஒருத்தர் பேரையும் ஏத்தவே இல்லையே" என்றான்.

மறுபடி போன். வேறு கம்ப்யூட்டர்களில் திறந்து வைத்திருப்பீர்கள், ஒன்றை மூடுங்கள் என்றானாம் அந்த ஆள். இருந்ததே ஒரு கம்ப்யூட்டர்தான். உள்ளே இருப்பவர்களின் பட்டியலைத் திறந்தான். நாலு வரி. பெயர் இருக்க வேண்டிய இடம் வெற்றாக இருந்தது. நாலு பேரும் ஒரே நிமிஷத்தில் உள்ளே வந்ததாகக் காட்டியது. அழித்தான். திரும்ப வந்தது. கோபத்தில் கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டான். திரும்ப... அதே நாலு வரி.

அப்போதுதான் கவனித்தான். மைக்கின் சத்தத்தைக் காட்டுகிற பச்சைப் பட்டை ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்ச நேரம் பேசாம இரேன்."

"நான் எங்கண்ணே பேசுனேன்?"

அவள் பேசவில்லைதான். பட்டை ஆடிக்கொண்டே இருந்தது. எர்த் சரியில்லை போல என்று முனகிக்கொண்டே ஹெட்போனை மாட்டிக் கேட்டான். சரக்... டொக். சரக்... டொக். ஒன்றாக இல்லை, ஒன்றன் மேல் ஒன்றாகப் பல கைகள் செய்கிற மாதிரி. அவனுக்கு விளங்கவில்லை. ஹெட்போனை ரோஜாவிடம் நீட்டினான்.

அவள் கேட்டாள். உடனே கழற்றிக் கீழே வைத்துவிட்டாள். அட்டைக் குழாயில் மருந்தைப் போட்டுக் குச்சியால் இறுக்குகிற சத்தம். இரண்டு வருஷம் அவள் காதில் ஓடிய சத்தம். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அறைக்குள் முட்டை அட்டையின் வாடையோடு கந்தக நெடியும் சேர்ந்திருந்தது.

வெளியே போய் வாசலில் நின்றாள். சுவரில் சிவப்பு மையில் 'அறைக்கு நாலு பேர்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள். அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. கம்பெனியில் சோதனைக்கு ஆள் வரும்போது, அறையில் தலை கூடியிருந்தால் போர்மேன் ஒரு சத்தம் போடுவார். கூடுதலாக இருப்பவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவிடுவாள். ரோஜா இடுப்பில் கைவைத்து, போர்மேன் குரலில், உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள்:

"ஏய், தல கூடுது. ஒரு ஆளு எந்திரிச்சு வெளிய வா. வேற ரூம்ல எங்க இடம் கெடக்கோ, அங்க போய் உக்காரு."

நவநீதன் கூடச் சிரித்துவிட்டான். "இதுக்குப் பெங்களூர்க்காரனே தேவல..."

சொல்லி வாய் மூடவில்லை. வாசலில் நின்றவளை ஒட்டி ஒருவர் கடந்து போனார். அவள் கண்ணில் யாரும் படவில்லை. ஆனால் தோளில் சேலை உரசியது. சொரசொரப்பான, கஞ்சி போட்ட நூல் சேலை. வெயிலில் நின்ற அவளுக்கு அந்த இடம் மட்டும் சில்லிட்டுப் போயிற்று.

உள்ளே நவநீதன் கூப்பிட்டான். பட்டியலில் மூன்று வரிதான் இருந்தது. ரோஜாவின் பெயரை அடித்தான். ஏற்றுக்கொண்டது. ஸ்பீக்கரில் நிலையத்துத் தொடக்கப் பாட்டின் தவில் சத்தம் கேட்டது. அவன் நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். பையை எடுத்துக்கொண்டு, அவளையும் வண்டியில் ஏற்றி ஊரில் இறக்கிவிட்டுப் போனவன், அந்தப் பாதையில் பிறகு வரவே இல்லை.

திங்கட்கிழமை ஆபீசர் வந்தார். ரோஜா பேசினாள். ஒரு தடங்கல் இல்லை. டீக்கடையில், தறிக்கூடத்தில், அச்சாபீசில் எல்லாம் அவள் குரல் கேட்டது. வேலை நிலைத்துவிட்டது. இனி மருந்து அறைக்குப் போக வேண்டியதில்லை.

சாயங்காலம் சண்முகத்தாய் வந்தாள். கை காலெல்லாம் அலுமினியப் பொடி, வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு. வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டே பேசினாள்.

"ஊரே உன் பேச்சுத்தான். வாட்ச்மேன் கூடச் சொன்னாரு. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு புள்ள. உன் இடத்தப் பத்தியும் கவலப்படாத. காலையில நான் போகும்போதே ஒரு பொண்ணு அதுல வந்து உக்காந்துருக்கு."

ரோஜா துண்டை நீட்டிய கையோடு நின்றாள். "யாரும்மா?"

"யாரு கண்டா. போர்மேன் எட்டிப் பாத்தாரு, நாலு தல சரிதான்னு போயிட்டாரு. வேலைன்னா அப்படி ஒரு வேலை. வாயத் தொறக்கல. அம்புட்டு வெக்கையிலயும் ஒரு பொட்டு வேர்வ இல்ல."

"நாளைக்கு நீ போகாதம்மா."

"ஏன், மக சம்பாதிக்கான்னு உக்காந்து திங்கவா? போடி." சண்முகத்தாய் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தாள். "பாவம் அந்தப் புள்ள. மத்தியானம் நாங்க சாப்புட வெளிய கெளம்புனப்ப, அவ வரல. என் முந்தியப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. சரி, நாளைக்கு உங்கூடவே ரூமுக்குள்ள இருக்கேன்னு சொன்னதுக்கு அப்புறந்தான் விட்டா."