தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?

மாலைய ஜன்னலோரம் வெக்காதீங்க்கா, வெயிலுக்கு வாடிரும். எம் மடியில குடுங்க. நானும் ஜவளகிரிதான் எறங்கறேன். ஓ, அங்க நடக்கற கல்யாணத்துக்கா? பொண்ணுக்குச் சித்தியா நீங்க? சரி சரி.

மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குதுன்னா கேக்கறீங்க? வயித்தெரிச்சலுங்க. ஒருத்தன் இருக்கான். ஓசூர் சிப்காட்டுல லேத்து ஓட்டறவன். எச்.ஐ.வி வந்துருச்சு. எதுக்குங்க மெதுவாப் பேசணும்? வந்தா என்ன, மாத்திர இருக்குதில்ல? கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில சும்மாவே குடுக்கறாங்க. மாசாமாசம் நாந்தான் கூட்டிட்டுப் போவேன். எலும்புந்தோலுமாக் கெடந்தவன் எந்திரிச்சு வேலைக்குப் போனான். அவன் எனக்கு யாரா? இருங்க, வரேன்.

போன வருசம் பெங்களூரு லேப்புல ரத்தம் குடுத்துப் பாத்தோம். கிருமி கண்ணுல படற அளவுக்கு இல்லேன்னு வந்துச்சு. டாக்டரு தெளிவாத்தாங்க சொன்னாரு. மாத்திர அமுக்கி வெச்சிருக்குது, நிறுத்துனா திரும்பத் தலதூக்கும், வருசா வருசம் பாத்துக்கிட்டே இருக்கணும்னு. இவங்க மண்டையில எங்க ஏறுச்சு? அவங்கம்மா அந்த ரிசல்ட்டுக்குக் குங்குமம் வெச்சு, மாரியாத்தாளுக்குக் கெடா வெட்டுச்சு. கறிசோறு தின்ன கையோட இவன் மாத்திரையத் தூக்கிக் குப்பையில போட்டான். தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?

திரும்ப ஒருவாட்டி ரத்தம் குடுத்துப் பாருடான்னு கால்ல விழாத கொறையாக் கேட்டேன். நல்லா இருக்கறவனுக்கு எதுக்கு டெஸ்டுங்கறான். கல்யாணமே பண்ணாதன்னா சொன்னேன்? பண்ணிக்க, மாத்திரைய விடாத, பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லிரு. அவ்ளோதான? நீ வாயத் தொறந்தா என்னை உசுரோட பாக்க மாட்டேன்னு அவங்கம்மா மெரட்டுது. நிச்சயத்துக்கே என்னைக் கூப்புடல.

நேத்து மட்டும் ஃபோனு வந்துச்சு. எதுக்கு? தாலியில அவன் ஒரு முடிச்சு போட்டா, மீதி ரெண்டையும் கூடப்பொறந்தவதான போடணும்? நான் இல்லாட்டி சனம் பேசுமாம்!

ஆமாங்க்கா. எந் தம்பிதான், பூபதி. அவங்கம்மா அவங்கம்மான்னேனே, என்னைப் பெத்ததும் அதேதான். மடியில இருக்கற இந்த மாலை அவன் கழுத்துக்குத்தான் போவுது.

எந்திரிக்காதீங்க, பஸ்ஸு இன்னும் தளியே தாண்டல. எறங்குனதும் மொதல்ல உங்க பொண்ணுகிட்டப் போவோம். எல்லாத்தையும் கேக்கட்டும். இவன் மாத்திரையத் தொடங்கட்டும், ரத்தம் குடுக்கட்டும். அதுக்கப்புறமும் அவ சரின்னா, நானே முடிச்சு போடறேன்.