வெள்ளைக்கொடி நட்ட விளிம்பு

மலைகளுக்கே மகுடமாய் வீற்றிருக்கும் எங்கள் ஊர்த் தலைவி மாநெயோ அம்மையார் அவர்களே! கம்பளி போர்த்திய சிங்கங்களாய் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு குளிரில் நிற்கும் தாய்மார்களே! தொழுவச் சுவரில் சாய்ந்து என்னைக் கேலி செய்யவே வந்திருக்கும் தோழர்களே! ஏன், மடியில் தாளும் கையில் கடிகாரமுமாய் உட்கார்ந்திருக்கும், அருவியில் பயணிகளைக் கயிற்றில் இறக்கும் கம்பெனியின் மேலாளர் மொக்கெலே அவர்களே! அனைவருக்கும் இந்த லாரி மேடையிலிருந்து, குதிரை வழிகாட்டிகள் சங்கத் தலைவன் கொட்டேலோவின் தலைதாழ்ந்த வணக்கம்!

லெசோத்தோ! வரைபடத்தில் விரல் நுனியை வைத்தால் மறைந்துபோகும் நாடு. ஆனால் விண்ணை முட்டும் மலை யாருடையது? விழும்போதே வெண்புகையாகும் அருவி யாருடையது? அந்த அருவியைக் காண அயல்நாட்டு வீரர்கள் ஆகாய விமானம் ஏறி வருகிறார்கள். அவர்கள் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது? ‘துணிந்தவர்களுக்கான தீண்டப்படாத பூமி’ என்று! தீண்டப்படாததா? நம் பெண்கள் அடுப்புக்குச் சாணம் பொறுக்கப் போகும் வழி ஐயா அது! அவர்கள் நடந்தால் சாகசம், நாம் நடந்தால் பிழைப்பு.

இருபத்தெட்டு ஆண்டுகளில் ஐயாயிரம் பயணிகளைப் பள்ளத்தாக்கில் இறக்கி ஏற்றியவன் நான்…

“கொட்டேலோ, போன கூட்டத்துல மூவாயிரம்னே! நடுவுல குட்டியெல்லாம் போட்டுச்சோ?”

சிரியுங்கள், சிரியுங்கள். சரி, ஓர் ஐந்நூறு. பனிப்புயலில் இரண்டு சிறுத்தைகளை என் தொப்பியாலேயே விரட்டினேன் என்றும் சொல்லியிருக்கிறேன். அவை நரிகள். ஒரு நரி. போதுமா? இன்று என் வாயில் வேறொன்று இருக்கிறது.

மொக்கெலே அவர்கள் கொண்டுவந்த தாள் என்ன சொல்கிறது? ‘வழிகாட்டி செபோலாய், பயணியை அழைத்து வரும்போது பீர் குடிக்கப் போய், அருவிப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து விழுந்து இறந்தான். ஆகவே இனி குதிரைக்காரர்கள் அருவிப் பக்கம் வரக்கூடாது. பயணிகள் அனைவரும் கம்பெனி வழியாகவே போகவேண்டும்.’ இதற்குச் சபை தலையாட்ட வேண்டுமாம். சங்கத் தலைவன் நான் கையெழுத்திட வேண்டுமாம்.

குடித்தானா? செபோலாயா? ‘மே’ என்று ஊரே தாயாக அழைக்கும் மாதாபோ அவர்களே, நம் ஊரில் நீங்கள் காய்ச்சாத பீர் உண்டா? எழுந்து சொல்லுங்கள் தாயே!

“என்னத்தச் சொல்ல, ந்தாத்தே ஐயா? அந்த மனுஷன் என் வாசலுக்கு வந்தா வெந்நீர்தான் கேப்பாரு. அவரு கல்யாணத்துலயே தேத்தண்ணி குடிச்சவரு. உங்களை மாதிரியா, பானையக் கவுத்துட்டுப் போக?”

கேட்டீர்களா? என்னையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டார், பரவாயில்லை.

அன்று நடந்தது இதுதான். நண்பகல் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. குதிரையின் காதுகூடத் தெரியாத பனி. சேணத்தில் மார்லீன் என்ற நெதர்லாந்துப் பெண், குளிரில் உதடு நீலம் பாரித்துப்போய். கடிவாளத்தைப் பிடித்து நடந்தவன் செபோலாய். அப்போது பனிக்குள்ளே ஒரு வெள்ளைக்கொடி அசைந்தது. நம் நாட்டில் கம்பத்தில் வெள்ளைத்துணி பறந்தால் என்ன பொருள்? அங்கே பீர் தயார். பீர் இருந்தால் வீடு இருக்கும். வீடு இருந்தால் நெருப்பு இருக்கும்!

அந்தப் பெண்ணை நான்தான் போய்க் கண்டுபிடித்தேன். எனக்கு ஏழு மொழி தெரியும், சரி, ஒன்றரை. அந்த ஒன்றரையில் அவள் சொல்லப் புரிந்துகொண்டேன், அவன் கடைசியாகச் சொன்னதை: “நீங்க குதிரை மேலயே இருங்கம்மா. அங்க வீடு இருக்கு. கதவத் தட்டிட்டு வந்திடறேன். சூடா சோளக்களி சாப்பிடலாம்.”

அங்கே கதவு இல்லை. கயிற்றில் இறங்கும் பந்தயத்துக்காகக் கம்பெனி நட்ட கொடி அது. அதற்கு ஓரடி அப்பால் நிலமே இல்லை.

“கொடிய நட்டவன் யாருய்யா? அவனை மேடையேத்து!”

மேடையில்தான் நிற்கிறான்.

ஆம்! பந்தயத்துக்கு முந்தைய வாரம் மொக்கெலே என்னிடம் வந்தார், கை நிறைய நீலத்துணியோடு. “ந்தாத்தே, பனியில இது தெரியுமா?” என்றார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தேனா? “நீலத்தை மூட்டை கட்டுப்பா! வெள்ளைய நடு! வெள்ளைக்கொடியப் பாத்தா எங்க ஊருல செத்தவனும் எழுந்து வருவான்!” என்றேன். மொக்கெலேயும் இந்த மண்ணின் மகன். அவருக்கும் பொருள் தெரியும். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மறுநாள் வெள்ளை நட்டார்கள். என் நண்பன் நடந்துபோனான்.

மொக்கெலே அவர்களே, தலை குனியாதீர்கள். குனிந்தால் நான் தனியாக நிற்க வேண்டியிருக்கும். நாம் சிரித்தது உங்கள் தாளில் எங்கே? கம்பெனிக் கொடி எங்கே? செத்தவன் வாய் பேசாது என்பதால் அதில் பீரை ஊற்றுகிறீர்களா?

நான் ஆயிரம் பொய் சொன்னவன். இந்த ஒரு பொய்யில் கையெழுத்திட மாட்டேன். என்னைச் சங்கத்திலிருந்து நீக்குங்கள், என் குதிரையைக் கட்டிப்போடுங்கள், அது நியாயம். செபோலாயைக் குடிகாரனாக்கி அவன் தோழர்களின் பாதையை அடைக்காதீர்கள்! அம்மையார் அவர்களே, வாக்கெடுப்பைத் தொடங்குங்கள். இந்தத் தாளை மறுப்பவர்கள் எழுந்து நிற்கட்டும்…

அதோ, முதலில் எழுந்துவிட்டார் செபோலாயின் மனைவி மாபுசெங். அவர் என்னைப் பார்க்கவில்லை; பார்க்க வேண்டாம். அவர் பின்னால் யார்? எழுந்திருங்கள்! மே மாதாபோ… பெரியோர்கள்… சுவரோரத் தோழர்களே, நீங்களுமா! எண்ணிக்கொள்ளுங்கள் அம்மையார் அவர்களே. என் எண்ணிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள்.

இதுவரை பொறுத்தருளிய சபைக்கு நன்றி. உங்கள் வாசல்களில் அமைதி தங்கட்டும், வயல்களில் மழை இறங்கட்டும், பானைகளில் களி பொங்கட்டும். வணக்கம்.