பதினாலாவது பிரிவு

...இல்ல, அந்தப் பிரிவ எழுதினவன் மனுசனான்னு கேக்கேன் அண்ணாச்சி. மூணு பேரு சீட்டுல நாலாவது ஆளுதானே, இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. ரயில்ல நம்ம ஊருக்காரர் கெடச்சிட்டிய, அதான் சொல்லுதேன்.

செம்பூர்ல எங்க ஆபீஸ். ஆஸ்பத்திரி ஃபைலெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுக்கோம். அந்த காண்ட்ராக்ட்ல பதினாலாவது பிரிவுன்னு ஒண்ணு. யாரு எத்தன மணிக்கு உள்ள போனா, எதத் தொறந்தா, எத அழிச்சா... எல்லாம் பதிவாகணும். ஒருத்தர் பாஸ்வேர்ட இன்னொருத்தர் போட்டா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகணும். ஆபீஸா அது, போலீஸ் ஸ்டேசனா?

முந்தியெல்லாம் ஒரு ஃபைல் போனா லஃபடா, வம்பு வழக்கு எதுவுமே கெடையாது. ஆளாளுக்கு அடுத்தவனச் சொல்லுவோம், சாயா குடிப்போம், முடிஞ்சிது.

இப்ப பாருங்க. போன செவ்வாக்கெழம ஒம்பது இருவதுக்கு ஒரு அம்மாவோட ஆபரேசன் ரிப்போர்ட் அழிஞ்சிருக்கு. யாரு அழிச்சா? தனசீலன். தனசீலன் யாரு? நாந்தான். ஒம்பது இருவதுக்கு நான் எங்க? இதே வண்டில, முலுண்டுகிட்ட தொங்கிட்டு வாரேன்.

டோம்பிவிலிலேந்து வாரவன் என்னைக்கு நேரத்துக்குப் போனான்? பக்கத்து சீட்டு லிசாதான் என் பாஸ்வேர்டப் போட்டு, நான் நேரத்துக்கு வந்தாப்புல தொறந்து வைப்பா. நாந்தான் கெஞ்சிக் கேட்டேன். தாராவிப் பிள்ள, அப்பா இல்ல, அவள நம்பித்தான் வீடே. கை தவறி அழிச்சிட்டா.

இன்னைக்கு பத்தரைக்கு விசாரண. நாந்தான் அழிச்சேம்னா என் வேல போச்சி. ரயில்ல வந்தேம்னா அவ வேலயும் சேந்து போச்சி.

எழுதினவன் யாருன்னா கேக்கிய? அது... எங்க ஆபீஸ்ல ராஜபாண்டின்னு ஒருத்தன், எது தொலஞ்சாலும் என் தலையில கெட்டுவான். அவன மாட்ட வைக்கணும்னு போன வருசம் மேனேஜர்கிட்ட மன்னாடி... ஆமா, நாந்தான் எழுதினேன். பாஸ்வேர்டு வரியும் நம்ம வரிதான்.

சரி, நாந்தான் அழிச்சேன்னு சொல்லிரப் போறேன். பயமாத்தான் இருக்கு. அந்தப் பிள்ளைய விட்டுக்குடுக்க மனசு வரல அண்ணாச்சி.

என்ன, எந்திரிச்சிட்டிய? காட்கோபரா? குர்லான்னுல்லா சொன்னிய... சரி, பாத்து எறங்குங்க.

ஹலோ, லிசாவா? அழாதம்மா, பழிய நான் ஏத்துக்கிடுதேன், நீ வாயத் தொறக்காம சுப்சாப் இரு... என்னது, இன்னைக்கு என் ஐடியப் போடலியா? ஏம்மா? சட்டுன்னு போடு. விசாரண அன்னைக்கே லேட்டுன்னு பதிவாயிரப் போவுது.