இருப்பதில் நல்ல மாடு

வாரின்: இந்தச் செவலைய இன்னொரு வாட்டி நடக்க விடு, அவிஸ்.

அவிஸ்: எத்தன வாட்டிய்யா? பாவம், காலே ஊன மாட்டேங்குது...

வாரின்: அதான் எனக்கும் புரியல. போன வாரம் பிரபுவோட வயல்ல நல்லாத்தான ஏர் இழுத்துச்சு? மணியக்காரரே, உம்ம எருதோட ஜோடியா?

தர்ஸ்டன்: இழுத்துச்சு, காரியஸ்தரே. அத வளத்த எசமான் செத்துட்டான். மாட்டுக்கும் துக்கம் இருக்காதா?

வாரின்: துக்கம் காலுலயா வரும்?

அவிஸ்: எம் புருஷனப் புதைச்ச மண்ணே இன்னும் காயல. அதுக்குள்ள...

வாரின்: நானா வழக்கத்த உண்டாக்கினேன்? குடியானவன் செத்தா, இருக்கறதுலயே நல்ல மாடு பண்ணைக்கு. சரி, எந்தக் காலு?

அவிஸ்: இடது முன்னங்காலு.

வாரின்: அப்ப ஏன் வலதயும் தூக்குது?

அவிஸ்: வலதா? இல்லியே... அட, ஆமா!

வாரின்: உன் மாடு, உனக்கே தெரியாதா?

தர்ஸ்டன்: ஒரு காலு நொந்தா பாரமெல்லாம் மறு காலுலதான...

வாரின்: உம்மக் கேக்கல. குளம்பத் தூக்கிக் காட்டுங்க.

தர்ஸ்டன்: குனிஞ்சு நீங்களே பாருங்க. இப்படித்தான் நம்ம ஆலைக்காரன் குனிஞ்சான். இது முட்டின முட்டுல, இன்னும் பல்லில்லாம பட்டாணிக் கஞ்சிதான் குடிக்கிறான்.

வாரின்: ...வேணாம். அந்தக் கருப்புப் பசு?

அவிஸ்: ஐயோ, அது வேணாம்யா! புள்ளைங்களுக்குப் பாலு...

வாரின்: நொண்டிய ஓட்டிட்டுப் போயி நான் பிரபுகிட்ட திட்டு வாங்கவா? கயித்தக் குடு.

...

அவிஸ்: போயிட்டாரா?

தர்ஸ்டன்: பாலத்தத் தாண்டிட்டாரு.

அவிஸ்: கருப்பி திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போறா. வயிறு எரியுதுண்ணே.

தர்ஸ்டன்: அழாத. பாலு எங்க வீட்டுல வாங்கிக்க. செவலை போயிருந்தா உழவு நின்னுருக்கும். உழாத நிலத்த இன்னொருத்தனுக்குக் குடுத்துருவாங்க.

அவிஸ்: அண்ணே... ஒண்ணு சொன்னா பண்ணையில போட்டுக் குடுக்க மாட்டியே?

தர்ஸ்டன்: சொல்லு.

அவிஸ்: இடது குளம்பு இடுக்குல கூழாங்கல்லு வச்சது நாந்தான்.

தர்ஸ்டன்: அடிப்பாவி! நீயுமா?

அவிஸ்: நீயுமான்னா? ஏண்ணே... அப்ப அந்த வலது காலு...

தர்ஸ்டன்: பின்ன? எம் மாடு ஒத்தையா நின்னு ஏர் இழுக்குமா? விடியறதுக்கு முன்னாடியே உன் கொட்டிலுக்குள்ள புகுந்தேன். இருட்டுல கைக்கு அகப்பட்டது வலது காலு. நீ முந்திக்கிட்டது எனக்கெங்க தெரியும்?