வாய் நமநமங்குது

டீ வேண்டாம் ஐயா. நான் டீ குடிப்பதில்லை. கொண்டுவந்த பெண்ணைக் கோபிக்காதீர்கள், அவளுக்கு எப்படித் தெரியும்.

கேட்டதற்குச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் கணேசமூர்த்தி நல்ல மனுஷர்தான். தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், பட்டுச்சேலைப் பக்கம் நின்றே ஆயுசைக் கழித்தவர். நின்று நின்று காலில் நரம்பு சுருண்டு, அது புண்ணாகி, போன வருஷம் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டோடு கிடந்தார். நான் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன். வாடகை, அரிசி, அவர் கால் மருந்து எல்லாம் அதில்தான்.

வேலையில்லாத மனுஷருக்கு வாய்தான் வேலை. பசியெல்லாம் கிடையாது. சாப்பிட்டுக் கழுவின கை காய்வதற்குள், "ஏட்டி பேச்சி, வாய் நமநமங்குது, ஏதாச்சும் இருக்கா?" என்பார். காராச்சேவு, கடலை மிட்டாய், ஒன்றும் இல்லையென்றால் சட்னிக்கு வைத்திருக்கிற பொட்டுக்கடலை. அவர் கொறித்த கொறிப்பில் ஒரு மாதம் அவருடைய மருந்தையே வாங்க முடியவில்லை. ஆறி வந்த புண் மறுபடி திறந்துகொண்டது. இப்படியே போனால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார். நான் பயந்துபோனேன்.

என்னென்னவோ செய்து பார்த்தேன். வாய் கேட்டால் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். சோம்பு கொடுத்தேன், பாட்டிலைக் காலி செய்துவிட்டு வேறு என்ன இருக்கிறது என்றார். கைக்கு வேலை இருந்தால் வாய் சும்மா இருக்குமென்று ஜாக்கெட்டுக்கு ஹூக் தைக்கக் கொடுத்தேன். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு டிவி பார்த்தார்.

கடைசியில் சத்தியத்துக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் கற்பூரம் அணைத்துச் செய்வது பெரிய சத்தியம். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, குலசாமி சாஸ்தா பெயரைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. மீறினால் சாஸ்தா கேட்பார். என் வீட்டுக்காரர் நொறுக்குத்தீனியை விட்டார். அவர் மட்டும் விடுவது நியாயமில்லை என்று நான் டீயை விட்டேன். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான் ஐயா. முதல் வாரம் மண்டை பிளந்தது. கண்ணை மூடிக்கொண்டு மிஷினை மிதித்தேன். அவர் என் நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டார். அந்தக் கையை நான் நம்பினேன்.

முருகையன் என்று ஒருத்தர், அவரோடு கடையில் வேலை பார்த்தவர், அவ்வப்போது பார்க்க வருவார். ஒருநாள் நான் சேலை மூட்டையோடு படியேறும்போது எதிரே இறங்கி வந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தப்பா நினைக்காதிய மதினி. நாள் பூரா உங்களுக்கு டீ ஓடிக்கிட்டே இருக்கு, தனக்கு மட்டும் ஒரு வாய் சேவு கண்ணுல காட்ட மாட்டேங்கான்னு அண்ணாச்சி வருத்தப்படுதாவ. அதான் வரும்போது நான் வாங்கியாறேன். நீங்களும் கொஞ்சம் பாத்துக் குடுங்க."

சரி தம்பி என்று சிரித்துவிட்டு மேலே போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு வைத்துக்கொள்கிற வெட்டுத்துணி மூட்டை நழுவிக் கிடந்தது, பிரித்துப் பார்த்தேன். உள்ளே பொட்டலக் காகிதங்கள். ஒவ்வொன்றையும் பட்டுச்சேலை மாதிரி ஓரம் சேர்த்து மடித்து அடுக்கியிருந்தார். தின்றதை நான் மன்னித்திருப்பேன். ருசி கண்ட நாக்கு, என்ன செய்யும். ஆனால் நான் குடிக்காத டீயை ஊரார் முன்னால் என்னைக் குடிக்க வைத்தாரே, அதுதான் ஆறவில்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். சொல்லக் கேட்டிருக்கிறேன், அன்றுதான் பட்டேன்.

சண்டை போடவில்லை. எனக்குச் சண்டை வராது, அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். சாஸ்தா பார்த்துக்கொள்வார் என்று விட்டிருக்கலாம்தான். ஆனால் அவர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறார். தி. நகர் வரைக்கும் அவரை அலைய வைப்பானேன்.

எங்கள் வீட்டில் எலித் தொல்லை உண்டு. வீட்டு ஓனர் சுப்பராமன் சாரைக் கேட்டாலே சொல்வார். மருந்தை வெறுமனே வைத்தால் எலி தொடாது என்று காராச்சேவு பிழிந்து அதில் கலந்தேன். மிளகைத் தட்டிப் போட்டு, பூண்டு கொஞ்சம் தூக்கலாக, என் மாமியார் செய்கிற பக்குவம். நமுத்துப்போகாமல் இருக்க எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக்கி மூடினேன். மேல் தட்டில் வைத்தால், அந்தக் காலோடு ஸ்டூலில் ஏறி விழுந்துவைப்பாரே என்று கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

வளைகாப்பு வீட்டுக்குச் செய்தது, தொடாதீங்க என்று தெளிவாகவே சொன்னேன். "சத்தியம் பண்ணிருக்கேம்லா, தொடுவேனா?" என்றார். நான் தைத்த சேலைகளைக் கொடுக்கப் பாண்டி பஜார் போனேன். அவசரமில்லை, நடந்தே போய் நடந்தே வந்தேன்.

வந்தபோது தரையில் சுருண்டு கிடந்தார். நான்தான் ஆட்டோ பிடித்தேன், என் மடியில்தான் தலை வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். என்ன சாப்பிட்டார் என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார்.

"ஒண்ணும் தொடலட்டி. சாஸ்தா மேல சத்தியம்" என்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினாள். ரசஞ்சோறு மட்டும்தான் சாப்பிட்டார் என்றேன். கட்டின புருஷன் சாமி மேல் செய்கிற சத்தியத்தை நானே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்? சாகும்வரை என் கையை அவர் விடவில்லை.

அவ்வளவுதான் ஐயா. எங்கள் இரண்டு பேரில் சத்தியத்தைக் காப்பாற்றியவள் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த டீயை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். வாசனை வருகிறது, வாய் நமநமங்கிறது.