அடியில்லாத குழியும் குடைமிளகாய் நாத்தும்

சத்தியமாச் சொல்றேன் நெவெனாம்மா, இதுல ஒரு எழுத்து பொய்யின்னா இந்த மீசை இங்கயே உதிர்ந்து போகட்டும்! ஹீட்டர்க்காரன் ஜிவ்கோ தூங்கிட்டானாம், பதினாலாயிரம் குடைமிளகாய் நாத்து பனியில கருகிப்போச்சாம், நாலு மணிக்குச் சங்கத்துல கூட்டம் போட்டு அவன் வேலையைப் பிடுங்கப் போறாங்களாம். குடிவந்து ஒரு வாரம் ஆகலை, உங்களுக்கும் ஒரு ஓட்டு! பையைக் கீழ வைங்க. பஸ் டிரைவர் என் மச்சான், நான் கையசைச்சாத்தான் எடுப்பான்.

நாத்து வளக்குற அந்தக் கண்ணாடிக் கூடாரத்துல சூடு பாத்துச் சொல்ல கம்ப்யூட்டர் வச்சது நாந்தான். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஈமெயிலு. 'பதினெட்டு டிகிரி, எல்லாம் சுகம்.' ஒரு நாளைக்கு நூத்தி நாப்பத்தி நாலு! என் பொண்டாட்டி ஆயுசுக்கும் இத்தனை தரம் என்கிட்ட பேசினதில்ல...

அந்தக் கம்ப்யூட்டர் ஓடுற லினக்ஸ்ல ஒரு குழி இருக்கும்மா, டெவ் நல்லுன்னு பேரு. வேண்டாத பேச்சை அதுல தள்ளிட்டா போனது போனதுதான். ரொம்பவே ரொம்பாது. நான் தள்ளின தள்ளுல கம்ப்யூட்டரே ரெண்டு கிலோ இளைச்சுது, தராசுல வச்சுப் பாத்தேன்! சிரிக்காதீங்க.

ஆனா ஈமெயில் அனுப்ப நான் எழுதி வச்ச ஸ்கிரிப்டுக்கு ரெண்டு வாயி. ஒண்ணு வளவளங்க, இன்னொண்ணு கோளாறுன்னா அலற. முதல் வாயைக் குழிக்குத் திருப்பிட்டேன். ரெண்டாவது விட்டுச்சா? 'தெர்மாமீட்டர் மெதுவா பதில் சொல்லுது... மெதுவா பதில் சொல்லுது...' அட, மெதுவாத்தான் சொல்லட்டுமே! நீயும் அங்கயே போன்னு கடைசி வரியில ஒரு வாலை ஒட்டினேன். அப்பப்பா, மூணு வாரம் என்னா நிம்மதி!

திங்கக்கிழமை சாயங்காலம் ஜிவ்கோ வந்தான். "க்ரூம் அண்ணே, ஹீட்டர் என்னமோ முனகுது, ராத்திரி அங்கயே இருக்கவா?" "கம்ப்யூட்டரே கம்முனு இருக்கு, உனக்கென்னடா? போய்ப் படு"ன்னு நாந்தான்... இல்ல, யாரோ சொன்னாங்களாம்.

ஹீட்டர் நின்னுபோச்சுன்னு அந்தக் கம்ப்யூட்டர் அன்னிக்கு ராத்திரி முப்பது தரம் அலறியிருக்கும்மா. முப்பதும் குழிக்குள்ள.

என்ன அப்படிப் பாக்குறீங்க? அவனுக்குக் கைக்குழந்தை வேற, ரெட்டை. கூட்டத்துல எந்திரிச்சு, 'ஜிவ்கோ மேல தப்பில்ல, ஸ்கிரிப்டோட கடைசி வரியைப் பாருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. யாரு சொன்னான்னு மட்டும்... அட, பையைத் தூக்கிட்டீங்களே! ஏம்மா! நெவெனாம்மா! என் பேரைச் சொல்லிடாதீங்க! எழுதினவன் பேரு முதல் வரியிலயே இருக்கு, காட்டும்போது அதை மட்டும் கட்டைவிரலால மறைச்சுக்குங்க!